பிஸ்டல் எத்தனை ஆயிரம் ரவுண்டு தாங்கும்? ஆயுளைக் குறைக்கும் தவறுகள்

“வாங்கி எட்டு வருஷம் ஆச்சு, இன்னும் புதுசு மாதிரியே இருக்கு” என்று பிஸ்டலைக் காட்டுபவர்களிடம் நான் முதலில் கேட்பது, இதுவரை எத்தனை ரவுண்டு சுட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான். பெரும்பாலும் பதில் வராது. முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலுக்கு வயது வருஷத்தில் ஏறுவதில்லை, சுட்ட ரவுண்டில், அதாவது தோட்டாக்களின் எண்ணிக்கையில்தான் ஏறுகிறது. வாரம் 100 ரவுண்டு சுடுகிறவர் ஒரே வருஷத்தில் 5,000-ஐத் தாண்டிவிடுவார். பீரோவில் இருபது வருஷம் சும்மா கிடந்த பிஸ்டலைவிட அவருடையது அதிகம் தேய்ந்திருக்கும். காரில் இருப்பதுபோல ஓட்டத்தைக் காட்டும் மீட்டர் இதில் கிடையாது. அதனால் ஒரு சின்ன நோட்டை வைத்து, ரேஞ்சிலிருந்து கிளம்பும் முன் எண்ணிக்கையை எழுதிவிட வேண்டும்.

குண்டு பாயும் குழாயான பேரல் தேய்ந்துவிடுமோ என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். ரைஃபிளோடு ஒப்பிட்டால் பிஸ்டல்களில் பரவலாகப் பயன்படும் 9 எம்எம் தோட்டாவின் அழுத்தமும் சூடும் குறைவு. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் நல்ல பேரல் பல பத்தாயிரம் ரவுண்டு தாங்கும். அதற்கு வெகு முன்பே தளர்ந்துபோவது ஸ்பிரிங்.

ரொம்பப் பேர் செய்யும் தவறும் இதில்தான் இருக்கிறது. துடைத்து எண்ணெய் போட்டால் பராமரிப்பு முடிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் பிஸ்டலின் நகரும் மேல்பாகமான ஸ்லைடு பின்னால் பாய்கிறது. அந்த வேகத்தை ரீகாயில் ஸ்பிரிங் வாங்கிக்கொண்டு, ஸ்லைடை மறுபடி முன்னால் தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் மிச்ச வேகத்தோடு ஸ்லைடு போய், கைப்பிடியோடு சேர்ந்த கீழ்ப்பாகமான ஃபிரேமில் மோதும். அந்த அடியை ஆயிரக்கணக்கில் வாங்கும் ஃபிரேம் எத்தனை நாள் தாங்கும்? பழைய ஸ்பிரிங்கையும் அதே மாடலின் புது ஸ்பிரிங்கையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையது குட்டையாக இருக்கும். முதல் சில நூறு ரவுண்டில் கொஞ்சம் குறுகுவது எந்த ஸ்பிரிங்குக்கும் இயல்பு. அதற்குப் பிறகும் குறுகிக்கொண்டே போனாலோ, காலித் தோட்டாக்கள் வழக்கத்தைவிடத் தூரமாகப் பறந்து விழுந்தாலோ, ஸ்லைடு முழுசாக மூடாமல் கடைசி இழையில் நின்றாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது.

45 காலிபர் 1911 பிஸ்டலுக்கு 2,000 முதல் 3,000 ரவுண்டுக்கு ஒருமுறையும், பெரெட்டா 92-க்குச் சுமார் 5,000 ரவுண்டுக்கு ஒருமுறையும் ரீகாயில் ஸ்பிரிங்கை மாற்றுவது வழக்கம். சட்டைக்குள் மறைத்து வைக்கும் சின்ன பிஸ்டல்களுக்கு இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும். குட்டை ஸ்லைடு வேகமாகப் பாயும், ஸ்பிரிங்கும் அதிகம் நசுங்கும். உங்கள் மாடலுக்கு எத்தனை என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள். 5,000 தோட்டாவுக்குச் செலவழிக்கும் பணம் பல சமயம் பிஸ்டலின் விலையையே மிஞ்சிவிடும். அந்தக் கணக்கில் ஒரு ஸ்பிரிங்கின் விலை பைசாவுக்குச் சமம். அதில் மிச்சம் பிடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

ஸ்பிரிங் தளர்ந்தால் கெடுதல் என்று தெரிந்துகொண்டவர்கள், தேவைக்கு மேல் முறுக்கான ஸ்பிரிங்கைப் போட்டுவிடுவதும் உண்டு. அப்போது ஸ்லைடு முழுசாகப் பின்னால் போகாமல் காலித் தோட்டா சிக்கும், முன்னால் வரும்போது அடி பலமாக விழும். கம்பெனி சொன்ன அளவே போதும்.

அடுத்து தோட்டா. 9 எம்எம்-மின் சாதாரணத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). பிளஸ் பி என்று போட்டிருக்கும் கூடுதல் அழுத்தத் தோட்டாவுக்கு 38,500. பயிற்சிக்கும் தினம் பிளஸ் பி-யையே சுடுவது பிஸ்டலின் ஆயுளைத் தின்றுவிடும். ஓயாமல் சுட்டால் என்ன ஆகும் என்பதற்கு பெரெட்டா 92-இன் கதை உதாரணம். 1985-ல் அமெரிக்கப் படை அதை எம்9 என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது. அடுத்த சில வருஷங்களிலேயே, மிக அதிகமாகச் சுடும் கடற்படைச் சிறப்புப் பிரிவிடம் சில பிஸ்டல்களின் ஸ்லைடு இரண்டாக உடைந்து, பின்பாதி சுட்டவரின் முகத்தில் அடித்தது. அதற்குப் பிறகு சுத்தியல் பின்னின் தலையைப் பெரிதாக்கி, உடைந்த ஸ்லைடு பின்னால் பறக்காமல் தடுக்கும்படி 92எஃப்எஸ் மாடலைக் கொண்டுவந்தார்கள். இரும்பும் களைத்துப் போகும் என்பதை அந்த வீரர்கள் தங்கள் முகத்தில் அடி வாங்கித்தான் தெரிந்துகொண்டார்கள்.

1911 பிஸ்டலைப் பற்றி ஒரு பெருமை சொல்வார்கள். 1911 மார்ச்சில் நடந்த சோதனையில் ஜான் பிரவுனிங் வடிவமைத்த அந்த பிஸ்டல், இரண்டு நாளில் 6,000 ரவுண்டு சுட்டும் ஒருமுறைகூட சிக்கவில்லை. அது உண்மைதான். ஆனால் 100 ரவுண்டுக்கு ஒருமுறை ஆறவிட்டார்கள், 1,000 ரவுண்டுக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போட்டார்கள். கதை சொல்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

அளவுக்கு மீறிய சுத்தமும் கெடுதல்தான். கிளீனிங் ராடை முன்வாய் வழியாக விட்டு உரசினால் குண்டு வெளியேறும் விளிம்பு தேய்ந்து, குறி சிதறும். பேரலைக் கழற்றிப் பின்பக்கமிருந்து விடுங்கள். தோட்டாவின் பின்புறத்தை அடித்து வெடிக்க வைக்கும் ஃபயரிங் பின் ஓடும் துளைக்குள் எண்ணெய் ஊற்றாதீர்கள். கரியும் தூசியும் சேர்ந்து குழம்பாகி, பின் மெதுவாக அடிக்கும், தோட்டா வெடிக்காமல் போகும். 22 காலிபர் பிஸ்டலில் தோட்டா இல்லாமல் வெறுமனே விசையை அழுத்திப் பழகுவதானால் முதலில் கையேட்டைப் பாருங்கள். சில மாடல்களில் பின் நேராக சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) விளிம்பில் அடித்துத் தழும்பு ஏற்படுத்தும்.

இடுப்பில் வைத்துக்கொள்பவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. காலையில் ஏற்றி, இரவில் இறக்கி, மறுநாள் அதே தோட்டாவை மறுபடி ஏற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் குண்டின் மூக்கு, தோட்டா சேம்பருக்குள் ஏறும் சரிவில் முட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டாவின் கூட்டுக்குள் இறங்கும். புதுத் தோட்டாவோடு சேர்த்து நிமிர்த்தி வைத்தால் குட்டையானது கண்ணுக்கே தெரியும். உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் ஆபத்தாக ஏறும். அப்படிப்பட்டதைச் சுடவே கூடாது, தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

சுடும்போது “டப்” என்று சத்தம் மந்தமாகக் கேட்டு, உதையும் இல்லையென்றால் உடனே நிறுத்துங்கள். குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பேரல் உப்பும், வெடிக்கவும் கூடும்.

ஆயிரம் ரவுண்டுக்கு ஒருமுறையாவது தோட்டாக்களை இறக்கி, சேம்பர் காலி என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்தபின் பாகங்களைப் பிரித்து, நல்ல வெளிச்சத்தில் விரிசல் தேடுங்கள். ஸ்லைடில் காலித் தோட்டா வெளியேறும் வாசலின் மூலைகள், ஃபிரேமின் தண்டவாளங்கள், பெரெட்டாவானால் பேரலை ஸ்லைடோடு பூட்டும் லாக்கிங் பிளாக்கின் காதுகள். சந்தேகமான இடத்தில் மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு, சில நிமிஷம் கழித்துப் பாருங்கள். முடி போல ஒரு ஈரக்கோடு மறுபடி கசிந்து தெரிந்தால், அந்தப் பாகத்தை மாற்றும்வரை அந்த பிஸ்டலில் இன்னொரு ரவுண்டு சுடாதீர்கள்.