எச்.ஓ. (1:87 அளவு மாதிரி ரயில்) தண்டவாளத்துக்கு ஃபீடர் வயர் கொடுப்பது

தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பவர் பேக்குக்கு அருகே சீராக ஓடும் எஞ்சின் மறுகோடியில் தடுமாறினால், எஞ்சினைக் கழற்றாதீர்கள். பெரும்பாலும் குற்றவாளி, தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் உலோகத் தகடான ரயில் ஜாயினர்தான். நாளடைவில் அது தளர்ந்து கறுத்து, மின்னழுத்தம் குறைகிறது.

தண்டவாளம் பதித்த பலகைக்கு அடியில் 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி இரண்டை, சிவப்பும் கறுப்புமாக, பவர் பேக்கிலிருந்து பிரதான லைனாக இழுங்கள். ஒவ்வொரு மூன்றடித் துண்டுக்கும் 0.5 சதுர மி.மீ. ஃபீடர் (பிரதான லைனைத் தண்டவாளத்தோடு இணைக்கும் சிறு வயர்) ஒரு ஜோடி. நீளம் ஓர் அடிக்குள் இருக்கட்டும்.

ஃபீடரைப் பற்றவைக்க, தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தை அரத்தால் பளபளக்கத் தேயுங்கள். உட்பக்கம் பற்றவைத்தால் சக்கர விளிம்பு ஈயத்தில் ஏறிக் குதிக்கும். ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசைக்கு ரோசின் ஃபிளக்ஸ் மட்டுமே. ஆசிட் ஃபிளக்ஸ் பின்னால் கம்பியை அரித்துவிடும். கம்பிக்கும் தண்டவாளத்துக்கும் முதலில் தனித்தனியே ஈயம் பூசுங்கள். பற்றவைக்கும் இடத்துக்கு இருபுறமும் ஈரப் பஞ்சு வைத்து, நன்றாகச் சூடேறிய 40 வாட் சால்டரிங் அயர்னை இரண்டு மூன்று விநாடி தொட்டு எடுங்கள். சூடு போதாத சிறிய அயர்ன்தான் அதிக நேரம் வைக்கவைத்து, பிளாஸ்டிக் ஸ்லீப்பரை உருக்குகிறது.

ஒவ்வொரு ஜோடியை இணைத்ததும் மல்டிமீட்டரில் ஷார்ட் பாருங்கள். எல்லாம் முடிந்தபின் பார்த்தால், நிறம் மாற்றி இணைத்த ஒரே ஒரு வயரைத் தேடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும்.