பினாயிலை நிறுத்தியதும்தான் வழி பிறந்தது
தண்டையார்பேட்டையில் எங்களுடையது ஒரே ரூம் வீடு, அதில் எங்கள் கடுவன் பூனை மணி கதவு மூலை, அரிசி மூட்டை, துவைத்து மடித்த லுங்கி என்று எதையும் விட்டுவைக்காமல் மூத்திரம் போய்க்கொண்டிருந்தது. நானும் தினம் பினாயில் ஊற்றித் துடைத்தேன். அதுதான் தப்பு. பினாயில் பூனைக்கு விஷம். தவிர மூத்திர வாடை நம் மூக்குக்குத்தான் அடங்கும், அதன் மூக்குக்கு அடங்காது, திரும்ப அதே இடத்துக்கு வரும்.

முதலில் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூடையில் தூக்கிப் போனேன். கடுவன் முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் போனால் அடைப்பாக இருக்கலாம், ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. மணிக்கு அது இல்லை. வாலைத் தூக்கி, நுனி நடுங்கச் சுவரில் பீய்ச்சுவது எல்லை போடுவதாம். சரி என்று கருத்தடை செய்தோம். உடனே நிற்கவில்லை, ஒரு மாதம் இழுத்தது.

அப்புறம் மூத்திர வாடையையே சிதைக்கிற என்சைம் கிளீனர் வாங்கி, கறை நனைய ஊற்றித் தானாகக் காயவிட்டேன். மணி போவதற்கு வைத்த மண் தட்டு இத்தனை நாள் சோற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது (நாமே போவோமா?), அதை ஜன்னலோரம் தள்ளி, இன்னொன்றும் சேர்த்து, தினம் காலையில் அள்ளுகிறேன்.

இப்போது சுவர் காய்ந்திருக்கிறது. அரிசி மூட்டை மட்டும் பரண் மேலேயே இருக்கட்டும்.