கட்டடப் பராமரிப்பு வேலைக்குப் புதிதா? வால்வு எங்கே என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்

கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜில் நான் மெயின்டனன்ஸ் ஹெல்பராகச் சேர்ந்தது ஒரு கார்த்திகை மாதம். ஐயப்ப சீசன், அறை எல்லாம் நிறைந்திருந்தது. நாலாம் நாள் விடியற்காலையில் மூன்றாம் மாடிக் குளியலறையில் ஆங்கிள் காக் (சுவரிலிருந்து குழாய் வெளிவரும் இடத்தில் இருக்கும் சின்ன வால்வு) கழுத்தோடு முறிந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கையில் ஸ்பேனர் இருந்தது, பையில் டெஃப்லான் டேப் இருந்தது. தண்ணீரை எங்கே அடைப்பது என்று மட்டும் தெரியவில்லை. மொட்டை மாடிக்கு ஓடிக் கைக்கு வந்த வால்வை மூடினேன். அது வேறு பக்கத்து லைன். சரியானது கிடைப்பதற்குள் தண்ணீர் படி வழியாக வரவேற்பறை வரை இறங்கிவிட்டது. மூத்த பிளம்பர் அண்ணாச்சி சத்தம் போடவில்லை. "மக்கா, ரிப்பேர் பண்ண அப்புறம் படிக்கலாம். மொதல்ல எதை எங்க அடைக்கணும்னு படி" என்றார்.

லாட்ஜ், மருத்துவமனை, கல்லூரி, அடுக்குமாடிக் குடியிருப்பு என்று எங்கே சேர்ந்தாலும் அந்த வரிசையிலேயே கற்றுக்கொள்ளுங்கள்.

படி 1: கட்டடத்தைச் சுற்றி வந்து படம் வரையுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கிணறு அல்லது போரிலிருந்து சம்ப் (தரைக்கடித் தொட்டி), சம்பிலிருந்து மோட்டார், மோட்டாரிலிருந்து மேல் டேங்க், டேங்கிலிருந்து ஒவ்வொரு மாடி என்று தண்ணீர் போகும் வழியே நடந்து போங்கள். டேங்க் அடியில் ஒரு வால்வு, அங்கிருந்து இறங்கும் ஒவ்வொரு லைனுக்கும் ஒன்று, குளியலறைக்கு ஒன்று, கடைசியில் ஆங்கிள் காக். எதை மூடினால் எந்த அறையில் தண்ணீர் நிற்கிறது என்று ஆள் இல்லாத நேரத்தில் மூடிப் பார்த்து எழுதுங்கள். ஒவ்வொரு வால்விலும் பெயிண்டால் எண் போடுங்கள்.

கடற்கரை ஊர்களில் இன்னொன்றும் உண்டு. உப்புக்காற்றில் ஒரு வருடம் திருப்பாமல் கிடக்கும் கேட் வால்வு (உள்ளே தகடு இறங்கி அடைக்கும் திருகு வால்வு) இறுகிவிடும். அவசரத்தில் பலம் கொடுத்தால் தண்டு முறியும். மாதம் ஒருமுறை முழுதாக மூடித் திறந்து, கடைசியில் கால் சுற்று திரும்ப விடுங்கள். பாதி திறந்த நிலையில் கேட் வால்வை விடாதீர்கள், உள்ளே இருக்கும் தகடு அரித்துப்போகும்.

மின்சாரத்துக்கும் இதே நடைதான். மெயின் சுவிட்ச், ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச், ஒவ்வொரு மாடியின் டிபி பாக்ஸ் (கரண்டை அறைகளுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி). எந்த எம்.சி.பி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழுந்து அணையும் சுவிட்ச்) எந்த அறைக்கு என்று ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்துச் சீட்டு ஒட்டுங்கள்.

படி 2: தண்ணீர்

வருகிற புகாரில் பெரும்பகுதி தண்ணீர்தான். குழாய் அளவுகளை மனப்பாடம் செய்யுங்கள்: அரை அங்குலம் 15 மி.மீ., முக்கால் 20, ஒரு அங்குலம் 25. வெந்நீருக்கு சி.பி.வி.சி குழாய், சாதாரண பி.வி.சி சூட்டில் நெளிந்துவிடும். டெஃப்லான் டேப்பை மரை இறுகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது சுருண்டு வெளியே வந்துவிடும்.

மேல்மாடி அறையில் ஷவர் மெதுவாக வருகிறது என்று புகார் வந்தால் உடனே ஷவரை மாற்றாதீர்கள். 10 மீட்டர் உயரம் தண்ணீர் நின்றால்தான் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். டேங்க் 3 மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார்தான். கீழ்மாடியில் நன்றாக வந்து மேலே மட்டும் மெதுவாக வந்தால் குற்றம் உயரத்தினுடையது. இரண்டு மாடியிலும் மெதுவாக வந்தால் ஷவர் துளைகளில் உப்பு படிந்திருக்கும். கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறவைத்துத் தேயுங்கள்.

ஃபிளஷ் டேங்க் ஒழுகுவது கண்ணுக்குத் தெரியாது. டேங்க் தண்ணீரில் கொஞ்சம் நீலச்சாயம் கலந்து அரைமணி நேரம் யாரும் அழுத்தாமல் விடுங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் அடிப்பக்க ரப்பரை மாற்றுங்கள். வினாடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய், ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்று வைத்தால், நாளுக்கு 4 லிட்டருக்கு மேல் விட்டுவிடும். ஐம்பது அறைக் கட்டடத்தில் இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் ஃபுட் வால்வில் (உறிஞ்சும் குழாயின் அடியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுப்பது) கசிவு இருக்கும், அல்லது உறிஞ்சும் குழாயில் காற்று புகுந்திருக்கும். உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் கெப்பாசிட்டரை (மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் சின்ன பாகம்) சந்தேகப்படுங்கள். இரண்டிலும் முதலில் சுவிட்சை அணையுங்கள்.

படி 3: மின்சாரம்

இங்கே நிதானமாகப் படியுங்கள். சிங்கிள் ஃபேஸ் 230 வோல்ட். த்ரீ ஃபேஸில் இரண்டு ஃபேஸுக்கு இடையே ஏறத்தாழ 415. சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஆனால் பழைய கட்டடங்களில் நிறத்தை நம்பாதீர்கள், யாரோ கையில் கிடைத்த ஒயரை இழுத்திருப்பார்கள். லைட்டுக்கு 1.5 சதுர மி.மீ. ஒயர், பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்குப் பெரும்பாலும் 4.

எம்.சி.பி ஒயரைக் காப்பதற்கு. அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போட்டால், விழ வேண்டிய நேரத்தில் விழாது. சுவருக்குள் ஒயர் சூடாகி எரியும். ஆர்.சி.சி.பி (கரண்ட் வழிதவறிக் கசிந்தால் அணைக்கும் சுவிட்ச்) மனிதனைக் காப்பதற்கு. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழும். மழைக்காலத்தில் அது விழுந்தால் வெளிவிளக்கையும் கீசரையும் முதலில் பாருங்கள். எல்லா எம்.சி.பி-யையும் இறக்கி, ஆர்.சி.சி.பி-யை ஏற்றி, ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு. பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும். தொந்தரவு என்று யாராவது ஆர்.சி.சி.பி-யை விலக்கிவிட்டு லைனை நேரடியாகக் கட்டச் சொன்னால் செய்யாதீர்கள்.

லைனில் கைவைக்குமுன் எம்.சி.பி-யை இறக்கி, "ஆள் வேலை செய்கிறார், போடாதே" என்று அட்டை மாட்டுங்கள். பிறகு சோதியுங்கள். டெஸ்டரையோ மல்டிமீட்டரையோ கரண்ட் உள்ள இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்து, அப்புறம் வேலை செய்யும் இடத்தில் வைத்து, மறுபடி கரண்ட் உள்ள இடத்தில் வையுங்கள். மூன்று முறையும் தேவை. நாகர்கோவிலில் வேலைபார்த்த காலத்தில், செத்துப்போன டெஸ்டரை நம்பி ஒரு தம்பி ஷாக் வாங்கியதைக் கண்ணால் பார்த்தேன். பிழைத்தான், அன்றிலிருந்து இந்த மூன்றில் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை.

ஃபேன் மெதுவாகச் சுற்றினால் கெப்பாசிட்டர், பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட். எளிய வேலை, பத்து நிமிடம்.

படி 4: மழையும் உப்பும்

நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தொடங்கும் தென்மேற்கு, அதாவது இடவப்பாதி. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கு. ஆகவே மொட்டை மாடி மழைநீர்க் குழாயை மே நடுவில் ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். வாய் அடைத்த ஒரு குழாய் போதும், மாடி குளமாகி மேற்கூரை கசிய.

கடலோரக் கட்டடத்தில் சன்ஷேடின் அடிப்பக்கத்தை நிமிர்ந்து பாருங்கள். கம்பி போகும் நேர்கோட்டில் வெடிப்பு இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அது கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சுத்தியலால் லேசாகத் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். அதன்மேல் சிமென்ட் பூசி மறைப்பது தவறு. கீழே ஆள் நடக்காமல் கயிறு கட்டிவிட்டு மேலாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பூச்சில் தெரியும் மயிரிழை வெடிப்புக்கு அந்த அவசரம் இல்லை. இரு முனையிலும் பென்சில் கோடும் தேதியும் போட்டு, நீள்கிறதா என்று பாருங்கள்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் மரமும் மின்கம்பமும் சாய்ந்து பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. புயல் எச்சரிக்கை வந்ததும் மேல் டேங்கை நிரப்புங்கள், ஜெனரேட்டர் டீசலைப் பாருங்கள். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டாத ஜெனரேட்டரை நம்ப முடியாது. அதன் புகை திறந்த வெளிக்குத்தான் போக வேண்டும். மூடிய அறையில் அந்தப் புகையே ஆளைக் கொல்லும்.

படி 5: தீயணைப்பான், ஏணி, நோட்டு

தீயணைப்பான் முள் பச்சையில் நிற்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். தீ பிடித்தால் பூட்டு ஊசியை உருவி, தீயின் அடியைக் குறிவைத்து, அழுத்தி, இடவலமாக வீசுங்கள். சாய்த்து வைக்கும் ஏணிக்கு 4 அடி உயரத்துக்கு 1 அடி என்று அடியைத் தள்ளி வையுங்கள். லிஃப்டைத் திறந்து உள்ளே இறங்காதீர்கள், அது அதற்கென்று பயின்றவர் வேலை. செய்த ஒவ்வொரு வேலையையும் தேதி, அறை எண், மாற்றிய பொருள் என்று எழுதுங்கள். ஐ.டி.ஐ-யில் எலக்ட்ரீசியன் 2 ஆண்டு, பிளம்பர் 1 ஆண்டுப் படிப்பு, முடிந்தால் சேருங்கள். இல்லாவிட்டாலும் நேர்காணலுக்கு இந்த நோட்டைக் கொண்டு போங்கள்.

படி 6: இறங்கக் கூடாத குழி

செப்டிக் டேங்கிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ யார் சொன்னாலும் இறங்காதீர்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு, செறிவு கூடும்போது மூக்குக்கே தெரியாமல் போய்விடும். முதலில் இறங்கியவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து சாவது இதனால்தான். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதைத் தடை செய்திருக்கிறது. "அஞ்சு நிமிஷ வேலைதான்" என்று சொல்வார்கள். முடியாது என்று சொல்லுங்கள். உறிஞ்சும் லாரிக்காரரின் போன் எண்ணை டிபி பாக்ஸ் கதவின் உள்பக்கம் இன்றே ஒட்டி வையுங்கள்.