நாற்கரத்தோட பக்கம் இணையா இல்லையா, சாய்வ வச்சு நிரூபிக்கிறது எப்படி?

"பக்கங்கள் இணைன்னு நிரூபி"ன்னு கேட்டா நிறைய பேர் கிராஃப்ல புள்ளி வச்சு கோட்ட போட்டுட்டு, பாத்தாலே தெரியுதேன்னு விட்டுடுறாங்க. பாத்தா தெரியுறது நிரூபணம் இல்லங்க, கண்ணுக்கு இணையா இருக்குற கோட்ட நீட்டிப் பாத்தா எங்கயாச்சும் போய் முட்டிக்கவும் செய்யலாம். இதுக்கு நமக்கு வேண்டியது ஸ்லோப், அதாவது சாய்வு, கோடு எவ்வளவு சரிஞ்சிருக்குன்னு சொல்ற எண். ரெண்டு தனித்தனி கோட்டுக்கு அது ஒண்ணா இருந்தா ரெண்டும் இணை.

ஏ(−2, −1), பி(4, 2), சி(3, 5), டி(−1, 3) இந்த நாலு புள்ளிய எடுத்துப்போம்.

முதல்ல ஒரு ரஃப் படம். எதுக்கு அடுத்து எது வருதுன்னு தெரியத்தான். ஏபி, பிசி, சிடி, டிஏ நாலும் பக்கம், ஏசி மூலைவிட்டம், அத தெரியாம பக்கம்னு எடுத்தா மொத்த கணக்கும் போச்சு.

இப்போ ஒய் வித்தியாசத்த எக்ஸ் வித்தியாசத்தால வகுங்க, அதுதான் சாய்வு. ஏ-ல இருந்து பி-க்கு வலது பக்கம் 6 கட்டம், மேல 3 கட்டம். 3/6, சுருக்குனா 1/2.

அடுத்து டி-ல இருந்து சி. ஒய்: 5 − 3 = 2. எக்ஸ்: 3 − (−1), இங்கதான் எல்லாரும் வழுக்குவாங்க, நானே எத்தனையோ தடவ அவசரத்துல 3 − 1ன்னு போட்டு சாய்வு 1ன்னு வந்து முழிச்சிருக்கேன். மைனஸ் மைனஸ் ப்ளஸ், அதனால 4. 2/4 = 1/2. எந்த புள்ளிய முதல்ல எடுத்தாலும் சரிதான், ஆனா மேல எந்த வரிசையோ கீழயும் அதே வரிசை.

ரெண்டும் 1/2. ஆனா ஒரே கோட்டு மேல இருக்குற துண்டுகளுக்கும் சாய்வு ஒண்ணாத்தான் வரும், அதனால ஏடி-யையும் பாக்கணும்: 4/1 = 4. 1/2 வரல, அப்போ டி, ஏபி கோட்டுல இல்ல. ஏபி, டிசி இணை, முடிஞ்சுது.

பிசி-க்கு 3/(−1) = −3. ஏடி-க்கு 4, ரெண்டும் வேற. ஒரு ஜோடி மட்டும் இணை, அதனால இது சரிவகம். டி-ய மட்டும் (−3, 2)க்கு நகத்திப் பாருங்க, ஏடி-யும் −3 ஆயிடும், டிசி அதே 1/2தான், இணைகரம் கெடச்சிடும்.

கீழ 0 வந்தா பயப்படாதீங்க, அது நெட்டுக்குத்தான கோடு, சாய்வு வரையறுக்க முடியாது. எதிர்ப்பக்கமும் அப்படியே வந்தா, ஒவ்வொண்ணுலயும் எக்ஸ் மாறலன்னு காட்டி, ரெண்டும் ஒய் அச்சுக்கு இணைன்னு எழுதிடுங்க.