கல்லீரல் கட்டிக்கு ரத்தம் வரும் வழியை ஸ்கேன் அறிக்கையில் பார்ப்பது எப்படி

கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கத்திலிருந்து கல்லீரல் கட்டிக்காகக் கோவைக்கு அனுப்பப்படுபவரின் சீட்டில் பெரும்பாலும் 'ட்ரைபேசிக் சி.டி.' என்று எழுதியிருக்கும்; ஊசி மருந்து ஏற்றி, மூன்று கட்டங்களில் படமெடுக்கும் ஸ்கேன் இது. ஊரில் எடுத்த சாதாரண வயிற்று ஸ்கேன் இதற்கு ஈடாகாது; கட்டிக்கு எந்தக் குழாய் ரத்தம் கொடுக்கிறது என்பதே இங்கே கேள்வி.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய 75 சதவீதம் குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாகவும், மீதி கல்லீரல் தமனி வழியாகவும் வருகிறது. கல்லீரல் செல்களில் தோன்றும் புற்றுநோயோ, ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர வேண்டுமானால் புதுக் குழாய்கள் தேவை என்பதால், வி.இ.ஜி.எஃப். போன்ற புரதங்களைச் சுரந்து அவற்றை உருவாக்கிக்கொண்டு, வளர வளரத் தமனி ரத்தத்தையே பெரிதும் நம்பத் தொடங்குகிறது. கட்டிகள் இவ்வாறு குழாய்களை வரவழைக்கின்றன என்ற கருத்தை அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-இல் முன்வைத்தார்.

அறிக்கையில் முதலில் 'ஆர்ட்டீரியல் என்ஹான்ஸ்மென்ட்' என்ற சொற்களைத் தேடுங்கள். ஊசி மருந்து ஏறிய அரை நிமிட அளவில் எடுத்த படத்தில் கட்டி மட்டும் வெளுத்துத் தெரிவதையே அது குறிக்கிறது. அடுத்த கட்டப் படத்தில் சுற்றியுள்ள கல்லீரல் வெளுக்க, கட்டி கறுத்துப்போவது 'வாஷ் அவுட்'. ஈரல் சுருக்கமோ நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி-யோ உள்ளவருக்கு, ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத கட்டியில் இவ்விரண்டும் சேர்ந்து தெரிந்தால், பல சமயம் சதை எடுத்துப் பார்க்காமலே நோயை உறுதிசெய்துவிடுவார்கள். கடைசி வரியை மட்டும் செல்போனில் படமெடுத்து உறவினர்களுக்கு அனுப்புவதால் பெரிய பயனில்லை.

போர்ட்டல் சிரையில் அடைப்பு உண்டா என்பதை மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். தொடையில் துளையிட்டு, தமனிக்குள் மெல்லிய குழாய் செலுத்தி, மருந்தைக் கொடுத்து, கட்டிக்குச் செல்லும் ரத்தத்தை அடைக்கும் 'டேஸ்' சிகிச்சையில் நல்ல கல்லீரல் பிழைத்திருப்பது போர்ட்டல் ரத்தத்தால்தான். அந்தச் சிரையின் முக்கியக் குழாயே அடைபட்டிருந்தால் சிகிச்சை ஆபத்தாகலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், தானாக நிறுத்தக் கூடாது.

வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபடுவதுண்டு. ஆகவே சிகிச்சைக்கு முந்தின நாளே இறங்கிவிடுவது நல்லது. சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழ் வலி, குமட்டல் வரக்கூடும். கொண்டை ஊசி வளைவுகள் குமட்டலைக் கூட்டும் என்பதால், அது அடங்கி, மருத்துவர் அனுமதித்த பிறகே மேலே ஏறுங்கள். வழியில் தொடையில் துளையிட்ட இடத்தில் ரத்தம் கசிந்தால், அழுத்திப் பிடித்தபடி அருகிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சில வாரங்கள் கழித்து எடுக்கும் சி.டி.யில் கட்டியின் ஏதாவது ஓரம் முதல் கட்டப் படத்தில் இன்னும் வெளுத்தால், அங்கே தமனி ரத்தம் ஓடுகிறது என்று பொருள். சிகிச்சை மறுபடி தேவைப்படலாம். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படங்கள் உள்ள குறுந்தட்டையும் கொண்டுசெல்லுங்கள்.