மண் பரிசோதனை: மாதிரி எடுப்பதிலேயே நடக்கும் தவறுகள்

மண்ணைச் சோதித்தும் ஒன்றும் பிரயோசனமில்லை என்பவர்களிடம், மண்ணை எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "வரப்போரம் ஒரு கை அள்ளினேன்" என்பார்கள் பலர். ஆய்வகத்தில் சோதிப்பது சில கிராம் மண்ணைத்தான். அது வயலின் மண்ணாக இல்லாவிட்டால் முடிவும் வயலுக்குப் பொருந்தாது.

வரப்பு, வாய்க்கால், மரநிழல், எருக் குவித்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு, வயலுக்குள் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பதினைந்து இடங்களில் எடுங்கள். சருகை மட்டும் விலக்குங்கள், மேல்மண்ணைச் சுரண்ட வேண்டாம். 'வி' வடிவில் குழி வெட்டி, அதன் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஓர் அங்குலக் கனத்துக்குச் சீவ வேண்டும். நெல், நிலக்கடலைக்கு 15 செ.மீ. ஆழம், கரும்பு, வாழை, காய்கறிக்கு 22.5 செ.மீ. தென்னை, மாமரத்துக்கு 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் தனித்தனி மாதிரி. எடுத்த மண்ணைக் கலந்து பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிரான இரண்டு பங்குகளைத் தள்ளுங்கள். அரைக் கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்யுங்கள்.

அடியுரம் (விதைக்கும்முன் இடும் உரம்) போட்ட பிறகு எடுக்காதீர்கள். அறுவடை முடிந்த நேரமே சரி. ஈரமண்ணை நிழலில் உலர்த்துங்கள். காலி யூரியா சாக்கில் கட்டிக் கொடுப்பதை இன்றும் பார்க்கிறேன். அதில் ஒட்டியிருக்கும் உரமே கணக்கைக் கெடுத்துவிடும்.

அடுத்த தவறு, சோதனை முடிவு எழுதிய மண்வள அட்டையை வாங்கிப் பெட்டியில் வைப்பது. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அளவீடுகள் கிடைக்கின்றன. மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஏற்கெனவே அதிகம் என்று வந்தும் வழக்கம்போல மணிச்சத்து மிகுந்த டிஏபி உரம் போட்டால் காசும் வீண், பயிருக்குத் துத்தநாகமும் சரியாகக் கிடைக்காது. உப்பு மண் என்றதும் ஜிப்சம் வாங்க ஓடுவது இன்னொன்று. ஜிப்சம், சோடியம் மிகுந்த களர் நிலத்துக்குத்தான். கரையும் உப்பு மிகுந்த உவர் நிலத்துக்கு நல்ல தண்ணீர் பாய்ச்சி உப்பைக் கரைத்து வடிக்க வேண்டும்.

வீட்டுத் தோட்டக்காரர்கள் இலை மஞ்சளானதும் யூரியாவைத் தூவுகிறார்கள். நரம்பு பச்சையாக இருக்க, இளந்தளிர் மட்டும் மஞ்சளானால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைதான். காரமண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்காது. அதில் முட்டை ஓடும் சுண்ணாம்பும் சேர்ப்பதால் பயனில்லை. தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்தால் உங்கள் போர்த் தண்ணீரையும் சேர்த்துச் சோதிக்கக் கொடுங்கள்.