அம்மாவின் கதை நோட்டுகளை மின்னூலாக்குவது எப்படி?

அம்மா எழுதியதில் பத்திரிகைகளில் வந்தது கொஞ்சம், நோட்டுகளிலேயே தங்கிவிட்டது நிறைய. அவர் மறைந்தபின் அவற்றைத் தொகுத்து மின்னூலாக்கினேன். அதைப் பார்த்துவிட்டு, "எங்கப்பாவும் எழுதுவாருங்க, எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டவர்களுக்காக இந்தப் பதிவு. தமிழில் தட்டச்சு செய்யவும், கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து வைக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. பிரிக்கும் முன் படம் எடுங்கள்

கட்டை அவிழ்ப்பதற்கு முன், இருக்கிறபடியே செல்பேசியில் படம் எடுங்கள். எந்த நோட்டுக்குள் எந்தத் துண்டுச்சீட்டு இருந்தது என்பது பின்னால் பெரிய துப்பாக உதவும். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்னைப் பிடித்து இழுக்காதீர்கள். பின்பக்கம் மடங்கியிருக்கும் இரு கால்களையும் நிமிர்த்திவிட்டால் தானாகக் கழன்றுவரும். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை நாளடைவில் தாளை மஞ்சளாக்கிவிடும். லேமினேஷன் கூடவே கூடாது.

2. ஸ்கேன்

தட்டையான கண்ணாடி ஸ்கேனர்தான் என் தேர்வு. தாளை உள்ளே இழுத்துக்கொள்ளும் வகையை நொய்ந்த தாளுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம். பேனா எழுத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு) போதும், மங்கிய பென்சிலுக்கு 600 வையுங்கள். கறுப்பு மையாக இருந்தாலும் வண்ணத்திலேயே எடுங்கள். செல்பேசிச் செயலிகள் பக்கத்தைப் பளிச்சென்று வெளுத்துக் காட்டும். அப்படி வெளுக்கும்போது ஓரத்தில் லேசாகப் பென்சிலில் எழுதியதும் சேர்ந்து போய்விடும். அந்த வசதியை முதலில் அணைத்துவிடுங்கள்.

கோப்புப் பெயரில் 002, 010 என்று முன்னால் பூஜ்யம் சேர்த்து எண் கொடுங்கள். இல்லாவிட்டால் சில மென்பொருள்களில் 10 வந்து 2-க்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும்.

3. எழுத்தாக்குதல்

அச்சிட்ட பத்திரிகைத் துண்டுகளுக்கு கூகுள் டிரைவின் எழுத்துணரி (படத்திலிருக்கும் எழுத்தைப் படித்தெடுக்கும் வசதி) நன்றாகவே வேலை செய்கிறது. கட்டற்ற மென்பொருள்தான் (மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருப்பது) வேண்டும் என்றால் டெசராக்ட் இருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை, றா போன்றவை பழைய வடிவத்தில் இருக்கும், அங்கே மட்டும் எழுத்துணரி தடுமாறலாம். இன்றைய வடிவில் தட்டச்சு செய்துவிடுங்கள். எழுத்தின் உருவம்தான் மாறுகிறது, சொல் அதேதான்.

கையெழுத்துக்கு எழுத்துணரியோடு மல்லுக்கட்டுவது வீண். வாய்விட்டுப் படித்துக் குரல்வழித் தட்டச்சு செய்வது எனக்கு வேகமாக இருந்தது. ஆனால் அது பேச்சுவழக்கை அடிக்கடி எழுத்துத்தமிழாக மாற்றிவிடும். "வந்துட்டாளா" என்று அம்மா எழுதியது "வந்துவிட்டாளா" ஆகிவிடும். உரையாடல் வரும் இடங்களை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டே தீர வேண்டும்.

4. எந்தப் பிரதி?

வேலை நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான். தையல் மெஷினை விற்கப் போகும் ஒரு பெண்ணைப் பற்றி அம்மாவின் கதை ஒன்று உண்டு. ஒரு நோட்டில் அவள் விற்றுவிட்டு வருகிறாள். இன்னொன்றில் வாசல்வரை போய்த் திரும்பிவிடுகிறாள். பத்திரிகையில் வந்ததில் கடைசிப் பத்தியே இல்லை. போதாக்குறைக்கு, முதல் நோட்டின் ஓரத்தில் "இது வேண்டாமோ?" என்று ஒரு கேள்விக்குறி.

நமக்குப் பிடித்த முடிவைப் போட்டுவிடலாம் என்றுதான் மனம் சொல்லும். அதைக் கேட்காதீர்கள். முதலில் எது முந்தியது, எது பிந்தியது என்று பாருங்கள். நோட்டுகளில் தேதி இல்லை என்றாலும் தடயம் இருக்கும். இந்தக் கதையில் கதாநாயகியின் பெயர்தான் காட்டிக்கொடுத்தது. ஒரு நோட்டில் பழைய பெயரை அடித்து மேலே புதுப்பெயர் எழுதியிருந்தார். மற்றதில் புதுப்பெயர் முதல் வரியிலிருந்தே அடித்தல் இல்லாமல் வருகிறது. அப்படியானால் அதுதான் பிந்தியது. மையின் நிறம், நடுவே செருகிய ரசீது, பின்னட்டையில் குறித்த கணக்கு எல்லாமே இதற்கு உதவும்.

நான் வைத்துக்கொண்ட விதி: கடைசியாக எழுதிய முழுப் பிரதியே மூலம். மாறுபட்ட முடிவுகள் பின்னிணைப்பில். அச்சில் வந்ததைவிடக் கையெழுத்துக்கே முன்னுரிமை, ஏனென்றால் இடம் பற்றாமல் பத்திரிகைகள் வெட்டுவது வழக்கம். ஆனால் அச்சில் வந்தபின் அந்தத் துண்டிலேயே அவர் கைப்படத் திருத்தியிருந்தால், அதுதான் கடைசி வார்த்தை.

பிழைதிருத்தத்திலும் இதே கதைதான். ஒரே சொல் இருமுறை விழுந்திருந்தால் எடுத்துவிடலாம். நீண்ட வாக்கியத்தை உடைப்பது, வட்டார வழக்கை மாற்றுவது, "இன்று படிப்பவர்களுக்குப் புரியாது" என்று சுருக்குவது, எதுவும் வேண்டாம். புரியாத சொல்லுக்கு அடிக்குறிப்பு போதும்.

5. உரிமை

எழுதியவர் வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்காத வரை, பதிப்புரிமை வாரிசுகளுக்கு வரும். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இருக்கும்போதே வெளிவந்த எழுத்துக்கு அது அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும்; அவர் மறைந்தபின் முதன்முதலாக வெளிவரும் எழுத்துக்கு, வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். உடன்பிறந்தவர்கள் எல்லோரிடமும் எழுத்துமூலம் சம்மதம் வாங்குங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (யாரும் நகலெடுத்துப் பகிரலாம் என்று முன்கூட்டியே அனுமதி கொடுப்பது) வெளியிட்டால் பிறகு திரும்பப் பெற முடியாது, இதையும் முதலிலேயே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இன்னொன்று: உங்கள் பெற்றோருக்கு மற்றவர்கள் எழுதிய கடிதத்தில் தாள்தான் உங்களுடையது. எழுத்தின் உரிமை எழுதியவருக்கு.

6. மின்னூல்

லிப்ரெஆஃபிஸ் ரைட்டரில் ஒவ்வொரு கதைத் தலைப்புக்கும் 'தலைப்பு 1' பாணியைக் கொடுங்கள், பொருளடக்கம் தானாக வரும். அங்கிருந்தே இபப் என்ற மின்னூல் வடிவக் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம். அந்தக் கோப்பை நுணுக்கமாகத் திருத்த சிகில் என்ற மென்பொருள் இருக்கிறது. பிடிஎஃப் மட்டும் போதும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை, சின்னத் திரையில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி வெளியே ஓடிவிடும். முடித்ததை இணைய ஆவணக்காப்பகமான ஆர்கைவ்.ஆர்க்-இல் ஏற்றலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்குத் தயார் என்றால் தமிழ் மின்னூல்களை இலவசமாக வெளியிடும் ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்துக்கும் அனுப்பலாம்.

பின்சேர்க்கை: "அப்பா தட்டச்சு செய்த கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தாக உளறுகிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். அதை யுனிகோடாக (இன்று எல்லாக் கணினிகளும் படிக்கும் பொதுக் குறியீட்டு முறை) மாற்றித் தரும் மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

மற்றொன்று: கதையில் வருவது தன் அத்தைதான் என்று ஊரே கண்டுபிடித்துவிடும், என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். பெயரை மாற்றி வெளியிடுவதைவிட, அந்தக் கதையை இப்போதைக்கு நிறுத்திவைப்பதே மேல் என்பது என் கட்சி. ஸ்கேன் இருக்கிறது, அடுத்த பதிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

கேசட் வைத்திருப்பவர்களுக்கு: பாட்டோ நாடகமோ, ஓடவிடும் முன் கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தாவல்களையும் உடைத்துவிடுங்கள், தவறிப்போய்ப் பதிவு பொத்தானை அமுக்கினாலும் அழியாது. மைக்கை ஸ்பீக்கர் முன்னால் நீட்டாமல், வயர் போட்டுக் கணினியில் இணைத்து, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் வேவ் கோப்பாகப் பதியுங்கள். இரைச்சல் நீக்கும் வேலையை நகலில் மட்டும் செய்யுங்கள்.